நொடிக்கு அறுபது

எங்கள் செங்குளத்தில் சும்மா இருப்பது காணாமல் போனது ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. நேரம் இவ்வளவு சுத்தமாக எனக்குத் தெரியக் காரணம் உண்டு. அப்போது நான் காய்கறிச் சந்தையில் கடைசி மூட்டைக் கத்தரிக்காயை ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன், ஒரு தரம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ரெண்டு தரமும் மூணு தரமும் தானாக வெளியே வந்து விழுந்துவிட்டன, மூட்டையை எடுத்தவனுக்கே தான் எடுத்தது தெரியவில்லை. முப்பது வருடமாக ஏலம் விடுகிறவன் நான். ஒரு தரத்துக்கும் ரெண்டு தரத்துக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் என் தொழில். வாங்குகிறவன் வீட்டை நினைப்பதும் மழையை நினைப்பதும் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்ப்பதும் அந்த இடத்தில்தான். அன்றைக்கு அந்த இடம் இல்லை.

போனது எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சந்தைக்கு எதிரே உச்சினிமாகாளி டிஜிட்டல்ஸில் முப்பிடாதி அந்நேரம்தான் ஒரு கல்யாண அழைப்பு வீடியோவை முதன்முதலாக நொடிக்கு அறுபது ஃபிரேம் வைத்து எக்ஸ்போர்ட் செய்திருந்தாள்.

முப்பிடாதி கெட்டிக்காரி. இருபத்தெட்டு வயது. தென்காசியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, இணையத்தில் இருக்கிற ஒரு டிசைன் தளத்தை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, புதுவீடு பால்காய்ப்பு என்று எல்லாவற்றுக்கும் அழைப்பு வீடியோ செய்து கொடுத்தாள். மேலிருந்து மல்லிகைப்பூ கொட்டும், பிள்ளையார் வருவார், மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கமிருந்து மிதந்து வந்து நடுவில் சேர்வார்கள். ஒரே குறை, திக்கித் திக்கி வருவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை திக்கினால் பொறுக்கமாட்டார்கள். “எம் மவன் என்ன டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டா வாரான், இப்பிடிக் குலுங்குதான்?” என்று ஒரு தாய் கடை வாசலில் நின்று கேட்டதை நானே கேட்டேன். முப்பிடாதி அன்று சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். செய்கிற வேலையில் அவளுக்கு அவ்வளவு ரோஷம்.

அந்தச் சமயத்தில்தான் தளத்துக்காரர்கள், வீடியோவை வெளியே எடுக்கிற பொத்தானுக்கு மேலே புதிதாக ஒரு சின்னப் பட்டியலை வைத்தார்கள். நொடிக்கு எத்தனை படம் ஓட வேண்டும், பதினைந்தா, முப்பதா, அறுபதா. படம் கூடக்கூட அசைவு வழுவழுப்பாகும். முப்பிடாதி அறுபதைத் தட்டினாள். அவள் செய்து வைத்திருந்ததோ முப்பதுக்குத்தான். மிச்சம் முப்பதுக்கு அந்தத் தளம் எங்கே போகும்? எங்கள் தெருவுக்கு வந்தது. எக்ஸ்போர்ட் என்றால் ஊரிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது என்பது, முருங்கைக்காயும் பல்லாரி வெங்காயமும் லாரி லாரியாக மலைக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிடுகிற எங்களுக்குத் தெரியாதா. அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. எதை ஏற்றினார்கள் என்று மட்டும் பார்த்தோம்.

டீக்கடை மூக்காண்டி டீயை ஆற்றி முடித்துத் தம்ளரை நீட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்பானே, அது போயிருந்தது. கண்டக்டர் முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் படிக்கட்டை எட்டிப் பார்ப்பாரே, அது போய், பாதிப் பேர் ஏறுமுன் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. அழுகிற பிள்ளை மூச்சு வாங்க நிறுத்துகிற இடம் போய், பிள்ளைகள் நீலம் பாரித்து அழுதன. கோபம் வந்தவன் கையை ஓங்கியபின் வேண்டாம் என்று நினைக்கிற இடம் போய், அந்த வாரம் ஏழு பேருக்குக் கன்னம் வீங்கியது. கேள்வி முடியுமுன் பதில் வந்தது, பதில் முடியுமுன் சண்டை வந்தது, சண்டை முடியுமுன் சமாதானம் வந்தது, எதிலும் யாருக்கும் திருப்தி இல்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், எங்கே நடக்கிறோம் என்று நின்று யோசிக்கிற அந்த ஒரு கணமும் வீடியோவுக்குள் போயிருந்ததால் நடந்துகொண்டே இருந்தார்கள்.

முதல் வாரம் வயிற்றுப்போக்கு கண்டதுபோல் ஊர் அலைந்தது. அப்புறம் பழகிக்கொண்டோம், எதற்குத்தான் பழகவில்லை. பேச்சுக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். வாயில் தண்ணீர் இருக்கிறவரை பதில் வராது. தண்ணீர் பாட்டிலோடு சண்டை போடுகிறவர்களை எங்கள் தெருவில் பார்க்கலாம். வியாபாரிகள் சங்கத்தார் முப்பிடாதியிடம் போய், அறுபதை ஏலம் முடிந்தபின் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்தைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவதுபோல அவளும் கடை வாசலில், ‘அறுபது: காலை 10 முதல் 12 வரை’ என்று எழுதிப் போட்டாள். அந்த இரண்டு மணி நேரம் யாரும் கத்தியைத் தொடுவதில்லை, சவரக்கடை சாத்தியிருக்கும். பன்னிரண்டுக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் போனது திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடியோக்கள் அழகாக இருந்தன. பொய் சொல்லக் கூடாது, அப்படியொரு அழகு. மாப்பிள்ளை எண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்தான், பூ விழுந்தால் விழுகிற சத்தம் கேட்கிறதோ என்று தோன்றியது, பார்க்கப் பார்க்க நெஞ்சு அமைதியாகிவிடும். ஏன் அமைதியாகாது? பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இருந்தது எங்கள் நிதானம் அல்லவா. “இது மூக்காண்டி நிக்க மாதிரில்லா இருக்கு” என்று ஒருத்தி போனைப் பார்த்துச் சொன்னாள், எல்லோரும் பார்த்தோம், மூக்காண்டியும் பார்த்தான், பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னான். இருப்புக்கொள்ளாமல் அலைகிற ஊர், தன்னிடமிருந்து போனதைப் பார்க்க யார் யாருடைய கல்யாண வீடியோவையோ நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் வேண்டும் என்றது. முப்பிடாதிக்கு வேலை குவிந்தது.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் சொந்தக்காரர் வட்டத்தில் பெண் பார்க்க வந்தால் தாய்மாமன்தான் பெண்ணிடம் கேட்க வேண்டும். பிடிச்சிருக்காம்மா என்று ஒரே ஒரு தடவை கேட்பான். கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பிப்பான். மடித்து முடிக்குமுன் பெண் ‘சரி மாமா’ என்று சொன்னால், அந்த வெற்றிலையை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டுவான். மடித்து முடித்தும் பெண் சும்மா இருந்தால், அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவான். அவ்வளவுதான். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள், யாருக்கும் வருத்தம் கிடையாது, யாரும் காரணம் கேட்பதும் கிடையாது. பரிசம் போடுகிற அன்று இதே மாதிரி இன்னொரு தடவை, கடைசியாக. எங்கள் பெண்கள் யாரும் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை, அவர்களுக்குச் சும்மா இருப்பது இருந்தது.

அது போனபின் ஆவணி பிறக்குமுன் எங்கள் வட்டத்தில் ஒன்பது கல்யாணம் நிச்சயமானது. கேட்ட மாத்திரத்தில் பெண்கள் சரி என்றார்கள். செங்குளத்துப் பெண்கள் இப்போது முகத்தைத் தூக்குவதில்லை, மனசு மாறிவிட்டது என்று கோவில்பட்டி வரைக்கும் பேச்சு. நாங்களும் அதை நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டோம். ஏலத்தில் மூணு தரம் தானாக விழுந்ததைத் தப்பு என்று கண்டுகொண்ட நானே, பெண் பிள்ளைகள் வாயிலிருந்து தானாக விழுந்ததைச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

என் தங்கச்சி கோமுவின் மகள் இசக்கி, பஜாரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சின்னப்பிள்ளையிலிருந்தே எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டாள். பசிக்குதா என்று கேட்டால்கூட வயிற்றைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். மாத்திரை அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நீட்டுவாள், அதற்காகவே வயசானவர்கள் அவளிடம் வாங்குவார்கள். கோவில்பட்டியிலிருந்து செந்தூர்பாண்டி என்கிற பையனுக்கு அவளைப் பார்க்க வந்தார்கள், ஆடி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. நல்ல பையன், குறை ஒன்றும் இல்லை. நான் கேட்டேன். என் கை தாம்பாளத்தை நோக்கிக் கிளம்பவில்லை, அதற்குள் “சரி மாமா” என்றாள்.

வெற்றிலையை நான் இன்னும் தொடவே இல்லை. அந்தச் சத்தம் அவளுடையது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவளைத் தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் தெரியாத மாதிரி ஒரு வெற்றிலையை எடுத்து அப்படியே நீட்டினேன். தங்கச்சி முகம் மலர்ந்துவிட்டது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இதுதான் என் பாவம்.

நாலு நாள் கழித்து இசக்கி சந்தைக்கு வந்தாள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“மாமா, நான் சும்மா இருக்கத்தான் நெனச்சேன். வாய் முந்திருச்சு.”

“தெரியும்மா” என்றேன், நினைக்குமுன்.

“தெரியுமா? தெரிஞ்சுமா வெத்தலையக் குடுத்தீய?”

தண்ணீர் பாட்டிலைத் தேடினேன், கிடைக்கவில்லை. “ஆமா” என்று வந்துவிட்டது.

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் மூச்சு வாங்க இடமில்லாமல் அழுதாள். “ஆவணி பத்துக்குப் பரிசம் மாமா. அன்னைக்கும் நீங்க கேப்பீய, அன்னைக்கும் இது முந்திக்கிடும். மருந்து எடுத்துக் குடுக்கவே பயமா இருக்கு, கை நின்னு பாக்க மாட்டேங்கு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், அவ்வளவுதான்.” 

‘அதை அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லேன்’ என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லித்தான் பார்த்திருந்தாள். சரி என்றதை நம்பிய கோமு, வேண்டாம் என்றதை மட்டும் ‘வாய் முந்தி வந்தது’ என்று தள்ளிவிட்டாள். வாயால் வருகிற எதையும் நம்பமுடியாத ஊராக நாங்கள் ஆகியிருந்தோம்.

முப்பிடாதியிடம் போனேன். ஞாயிறு பத்தரைக்கு என்ன எக்ஸ்போர்ட் செய்தாய் என்று கேட்டேன்.

“நம்ம அம்மன் கோயில் கொடை வீடியோ அண்ணாச்சி” என்றாள். “மூணு நிமிசம், அம்புட்டும் அறுபதுல.”

அந்த வீடியோவை யார் பார்க்கவில்லை? கொடை விழாவில் அம்மன் சப்பரம் தெரு திரும்புகிற அழகு, பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பம்பாயில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களும் துபாயில் இருக்கிறவர்களும் பார்த்து அழுதார்கள். கோயில் கமிட்டியார் முப்பிடாதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், தென்காசியில் ஒரு பெரிய ஸ்டுடியோவிலிருந்து இதை வைத்துத்தான் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அசைவுக்குள்தான் எங்கோ எங்கள் இசக்கியின் மௌனம் இருந்தது.

“அத வெளிய எடுக்க வழி இருக்காம்மா?”

“இருக்கு. போன மாசம் நெட்டு சரியில்லாம ஒரு காதுகுத்து வீடியோவத் திரும்பப் பதினஞ்சுல எடுத்தேன். எடுத்த நேரம் எதிர்ல மூக்காண்டி அண்ணன் தம்ளரக் கையில வச்சிக்கிட்டு அப்பிடியே நின்னாவ. அவியளது அவியளுக்கே வந்திருச்சு. ஆனா அண்ணாச்சி, கொடை வீடியோவப் பதினஞ்சுல எடுத்தா எல்லா போன்லயும் அது கெட்டுப்போவும். சப்பரம் நொண்டும். அம்மன நொண்ட வச்சவன்னு என்னயத்தான் வைவாவ. தென்காசிக்காரவ போன எடுக்க மாட்டாவ.”

“பத்தாம் தேதி, நான் கேக்க நேரத்துல வேணும்மா. முந்தியே குடுத்திட்டா மருந்துக்கடையிலயே செலவாயிரும். செய்வியா?”

“செய்யுதேன்” என்றாள்.

கேட்ட மாத்திரத்தில் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் ‘செய்யுதேன்’ அவளுடையதுதானா என்று எனக்கும் தெரியவில்லை, பாவம், அவளுக்கும் தெரியவில்லை.

ஆவணி பத்து, காலை பத்து மணிக்குக் கோவில்பட்டிக்காரர்கள் சந்தைத் தெருவில் கோமு வீட்டு வாசலில் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். தட்டு வரிசை வைப்பதற்குள் தட்டு எடுத்தார்கள், வாங்க என்பதற்குள் உட்கார்ந்தார்கள், எங்கள் தெருக் காற்று அவர்களையும் பிடித்துக்கொண்டது. என்னைக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். என் வாய் என் பேச்சைக் கேட்காது என்று எனக்குத் தெரியும். இப்போதே கேட்டுத் தொலைத்துவிடும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஏழு வெற்றிலையை ஒன்றாகத் திணித்து, எச்சிலைத் துப்பாமல், கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால் வேட்டியெல்லாம் சிவப்பாகிவிடும்.

“கேளுங்க அண்ணாச்சி, நல்ல நேரம் போவுது” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வாயைக் காட்டினேன்.

“துப்பிட்டு வந்து கேளேன்” என்றாள் கோமு. “கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?”

தலையை ஆட்டினேன். ஜன்னல் வழியாக உச்சினிமாகாளி டிஜிட்டல்ஸின் கதவு தெரிந்தது. கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே முப்பிடாதியின் முதுகு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. எல்லோரும் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஓடின. ஒருத்தர் வேனுக்குப் போய்விட்டு வந்தார், ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. செந்தூர்பாண்டி கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். இசக்கி சுவரோரம் பட்டுச்சேலையில் நின்று உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், விட்டால் அது சரி என்று சொல்லிவிடும் என்பதுபோல. கீழுதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. எனக்குத் தாடை வலித்தது, கண் கலங்கியது. பத்தே முக்கால் ஆயிற்று. முப்பிடாதி மாட்டாள் என்று நினைத்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நான் மட்டும் என்ன செய்தேன்?

அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று நின்றது. விழவில்லை, சும்மா நின்றது. கோமு காப்பித் தட்டோடு வந்தவள் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். எதிரே மூக்காண்டி ஆற்றிய டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் ஸ்டாப்பில் கண்டக்டரின் முதல் விசில் கேட்டது, இரண்டாவது கேட்கவில்லை. யாரோ ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருந்த கொடை வீடியோவில் அம்மன் சப்பரம் தட்டித் தட்டி, தட்டித் தட்டி நகர்ந்தது. கடைக்குள் முப்பிடாதி இந்தப் பக்கம் திரும்பி முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து போய் முற்றத்தில் துப்பினேன், வாயைக் கொப்பளித்தேன், துண்டால் துடைத்தேன். ஒன்றும் அவசரமில்லை. வந்து உட்கார்ந்தேன்.

“இசக்கி, பிடிச்சிருக்காம்மா?”

கேட்டுவிட்டுத் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன். வேட்டியில் துடைத்தேன், முன்பக்கம், பின்பக்கம். காம்பைக் கிள்ளினேன். கிள்ளிய சத்தம் கேட்டது. இசக்கி கடித்திருந்த உதட்டை விட்டாள். வாயைத் திறந்துகொண்டுதான் நின்றாள், பயப்படாமல், அதிலிருந்து ஒன்றும் முந்தி வரவில்லை. அவள் முகத்தை இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன வயதில் பசிக்குதா என்று கேட்டால் இப்படித்தான் நிற்பாள். சுண்ணாம்பைத் தொட்டு நரம்பின் மேல் தடவினேன், அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ரெண்டு தடவை தடவிவிட்டேன். பாக்கை வைத்தேன். ஒரு மடிப்பு. செந்தூர்பாண்டி கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டான். இன்னொரு மடிப்பு. காப்பி ஆறியது. முப்பது வருடத்தில் ஒரு தரத்துக்கும் ரெண்டு தரத்துக்கும் நடுவில் நான் அவ்வளவு நேரம் விட்டதில்லை. கடைசி மடிப்பையும் மடித்து, விரலால் அழுத்தி, கொஞ்சம் வைத்திருந்தேன்.

இசக்கி சும்மா இருந்தாள்.

வெற்றிலையை என் வாயில் போட்டுக்கொண்டேன். கோமு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“உங்க பக்கம் மழை உண்டுமா?” என்று மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பெரிய மனுசர், வழக்கம் தெரிந்தவர். “எங்க அண்ணாச்சி. ஒரு தூத்தல், அவ்வளவுதான்” என்றார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று சொன்னேன். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.